சிற்றலையில் வந்த வேரித்தாஸ்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் படித்த நம் ஆட்கள் எந்த ஊரில் கூடினாலும் பேச்சு கெடிலம் வெள்ளம், சில்வர் பீச், ஹாஸ்டல் சாம்பார் என்று சுற்றி எப்படியும் வார்டன் சாமியாரின் ரேடியோவுக்கு வந்துவிடும். அதில் கேட்ட, பிலிப்பைன்ஸிலிருந்து ஒலிபரப்பான கத்தோலிக்க நிலையமான வேரித்தாஸ் வானொலியைப் பற்றி நம் பழைய மாணவர் சங்க மலரில் இதுவரை யாரும் எழுதவில்லை என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

பாண்டிச்சேரியில் ஆகாசவாணி இருந்தது. ஆனால் ஒலிபரப்பு முழுக்க அரசாங்கத்தின் கையில், பின்னாளில் தனியார் எஃப்.எம். வந்தபோதும் மத அமைப்புகளுக்கு உரிமம் இல்லை என்றுதான் விதி. அதனால் கிறிஸ்தவ வானொலி நமக்குக் கடல் தாண்டித்தான் வந்தது. தென்கிழக்கு ஆசிய ஆயர்கள் 1958இல் மணிலாவில் கூடி எடுத்த முடிவுதான் வேரித்தாஸ், மேற்கு ஜெர்மனி பணம் கொடுத்து உதவ, 1969 ஏப்ரலில் நிலையம் திறந்தார்கள். தமிழ் எழுபதுகளில் சேர்ந்தது. நிகழ்ச்சிகள் தயாரானது கேசோன் சிட்டியில், ஆசிய மொழிகளுக்கான சிற்றலை (ஷார்ட்வேவ்) கோபுரங்கள் நின்றது சம்பாலெஸ் மாகாணத்தில் பலாவிக் என்கிற சின்ன ஊரில். அங்கிருந்து கடலூர் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல்! வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வரும் அலை என்பதால் சில நாள் பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்கும், சில நாள் கரகரவென்று தேய்ந்து போகும், உடனே யாராவது ஓடிப்போய் தென்னை மரத்தில் கட்டிய ஏரியல் கம்பியை இழுத்துப் பிடிப்போம்.

1986 பிப்ரவரியை மறக்க முடியாது. பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸுக்கு எதிராகக் கலகம் செய்த படையினரைக் காக்க மக்கள் வீதிக்கு வரவேண்டும் என்று மணிலா பேராயர் கர்தினால் சின் அழைத்தது இந்த வேரித்தாஸில்தான். மறுநாளே மணிலா ஒலிபரப்புக்கான கோபுரத்தை ராணுவம் உடைத்தது, ஆனாலும் ஆட்சி கவிழ்ந்தது, அந்த ஆண்டே நிலையத்துக்கு மகசேசே விருதும் கிடைத்தது. நாங்கள் ஜெபமும் பாட்டும் கேட்கிற நிலையமா இது என்று வாயடைத்துப் போனோம்.

தொண்ணூறுகளில் ஜெகத் கஸ்பர் அடிகளார் வேரித்தாஸின் தமிழ்ப் பிரிவை நடத்திய காலத்தைப் பற்றி நான் டொரன்டோ வந்த பிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். இங்கே கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், கடலூர் என்றதும், "தம்பி, நீங்களும் வேரித்தாஸ் கேட்டனீங்களோ?" என்றார். போர்க்காலத்தில் கரண்ட் இல்லாத அவர் ஊரில், தம்பிமார் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடியதாம். நமக்கு அது மாலைப்பொழுது, அவர்களுக்கு வெளியுலகமே அதுதான். ஒரே குரலை இரண்டு கரையிலும் கேட்டிருக்கிறோம் என்பதை அன்றைக்கு யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா!

2018 ஜூன் முடிவோடு சிற்றலை நின்றது. இணையத்தில் தொடர்கிறார்கள், சரி, நல்லதுதான். ஆனால் செல்போன் சிக்னல் போனால் இணையமும் போய்விடும், சிற்றலைக்கு பேட்டரி இருந்தால் போதும். புயலும் சுனாமியும் பார்த்த கடலூர்க்காரனாக எனக்கு அந்த முடிவில் இன்றுவரை சம்மதமில்லை.

நம் கடிதங்களுக்குப் பதிலாக நிலையம் அனுப்பிய அட்டைகளோ, நிகழ்ச்சியைப் பதிந்த கேசட்டோ யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள், அடுத்த மலரில் சேர்த்துவிடலாம்.