பத்து சென்டிமீட்டர்

எடை குறைப்பு ஆபரேஷனுக்கு முன்னால் இருக்க வேண்டிய திரவ உணவின் பதினோராவது நாள் மத்தியானம், புரோட்டீன் பவுடரை மோரில் கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன். "மேடம், உங்க இன்ஷூரன்ஸ் முன்அனுமதி நிற்குது. பிஎம்ஐ 36.8தான் வருதாம்."

எனக்கு உயரம் 158 சென்டிமீட்டர். எடை 104 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ 41.7 என்று டாக்டர் என் கண்ணெதிரே கணக்குப் போட்டார். 40க்கு மேல் இருந்தால் இன்ஷூரன்ஸ் கொடுக்கும். 35க்கு மேல் என்றால் கட்டுக்கு அடங்காத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி ஏதாவது கூடவே இருக்க வேண்டும். எனக்கு மூச்சுத்திணறல் நடுத்தரம். சர்க்கரை மாத்திரையிலேயே அடங்கிக் கிடக்கிறது. அது அடங்கியிருக்கிறதே என்று வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் பஸ். படிவத்தை வாங்கிப் பார்த்தால், உயரம் 168. யாரோ 5ஐ 6 ஆக்கிவிட்டார்கள். கீழே என் கையெழுத்து வேறு. படிக்காமல் போட்டதுதான், யாரை நோவது? மேசையில் இருந்த தம்பியோ, "இதுல என்ன மேடம், திருத்தி அனுப்பிடலாம்" என்று சாவகாசமாகச் சொல்லி என்னை மறுபடி எடை மெஷினில் ஏற்றினார். 99.4.

பதினோரு நாள் பட்டினி மாதிரி கிடந்ததில் நாலரைக் கிலோ போயிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் கோயிலுக்குப் போயிருப்பேன். இப்போது பிஎம்ஐ 39.8! அந்தத் தம்பி அதை எழுதப் போனார். பேனாவைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன்.

காப்பாற்றியது முதல் நாள் ஓபி சீட்டு. மருந்து பில்களோடு பையின் அடியில் கசங்கிக் கிடந்தது. நர்ஸ் கையால் எழுதிய 158, 104, தேதி, டாக்டர் கையெழுத்து எல்லாம் இருந்தது. அதை வைத்து, "இது டயட்டுக்கு முந்தைய எடை, டயட் எங்கள் அறிவுரையின்படி" என்று டாக்டரே ஒரு கடிதம் கொடுத்தார். மூன்றாம் நாள் அனுமதி வந்தது. ஆனால் ஆபரேஷன் ஐந்து நாள் தள்ளிப்போனது, திரவ உணவும் ஐந்து நாள் நீண்டது. ஆகவே, முதல் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். எந்தப் படிவத்திலும் எண்களை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த டயட் எதற்கு என்று தெரிந்தபிறகு கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடிந்தது. கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரலின் இடது பக்கம் இரைப்பையின் மேல் படுத்திருக்குமாம். அதைத் தூக்கிப் பிடித்துத்தான் சின்னத் துளை வழியாக வேலை செய்ய வேண்டும். மாவுச்சத்தை நிறுத்தினால் அது சுருங்கும். "திருட்டுத்தனமா இட்லி சாப்பிட்டா உள்ளே கேமரா போட்டதும் கல்லீரலே சொல்லிடும்" என்றார் டாக்டர். முதல் நான்கு நாள் தலைவலி, எரிச்சல். ஐந்தாம் நாள் நாத்தனார் வீட்டு வளைகாப்பு. ஏழு வகைச் சாதத்துக்கு நடுவே பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன்.

இரத்தம், ஸ்கேன், எக்கோ எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. எண்டோஸ்கோபிக்குத்தான் இரண்டு தடவை போனேன். வெறும் வயிறு என்று யாரும் சொல்லவில்லை. திண்டிவனத்தில் ஒரு காபி குடித்துவிட்டேன். பால் காபி சாப்பாட்டுக்குச் சமம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தூக்கப் பரிசோதனைக்குத் தலையில் ஒட்டிய பசை போக மூன்று முறை சீயக்காய் தேய்த்தேன்.

மனநல ஆலோசனை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துப் போனேன். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "கோபம் வந்தா என்ன சாப்பிடுவீங்க?" என்ன இருக்கிறதோ அது என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்த பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து கோபம் வந்தால் மொட்டை மாடிக்குப் போய் நடக்கிறேன். எப்போதும் பலிப்பதில்லை.

அத்தைக்குக் கடைசிவரை சம்மதமில்லை. "வாயைக் கட்டினா போதாதா, வயித்தை வெட்டணுமா?" பதினைந்து வருஷமாக வாயைக் கட்டித்தான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். ஆனால் டயட் நீண்ட அந்த ஐந்து நாளும் ரசத்தைத் தெளிய வைத்து, வடிகட்டி டம்ளரில் கொண்டுவந்து வைத்தது அத்தைதான்.

இதற்கிடையில் பயிற்சிகள் வேறு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் தள்ளித்தான். தண்ணீரையும் மடக்கு மடக்காகத்தான் குடிக்க வேண்டும். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியில் உறிஞ்சி மூன்றாவது பந்தைத் தூக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. மாடிப்படியில் ஏறி இறங்கியதற்கு இது தேவலை.

அட்மிஷன் அன்று வார்டில் நர்ஸ் மறுபடியும் உயரம் அளந்தார். அவர் எழுதுவதற்கு முன்பே, "நூற்று ஐம்பத்தெட்டு சிஸ்டர், எட்டுக்கு முன்னால அஞ்சு" என்றேன்.