ஜப்பானிய எண்களோடு மல்லுக்கட்டு

இச்சி, நி, சான், யோன், கோ... பத்தாகிய 'ஜூ' வரை வாயில் படிந்துவிட்டால் 99 வரை கவலையே இல்லை. 11 ஜூ-இச்சி, 20 நி-ஜூ. அப்படியே அடுக்கிக்கொண்டு போகலாம். நூறுகளில்தான் நாக்கு புரள்கிறது: 100 ஹ்யாக்கு, ஆனால் 300 சம்ப்யாக்கு, 600 ரொப்ப்யாக்கு!

பெரிய எண்களைப் பத்தாயிரம், அதாவது 'மான்', கணக்கில் பிரிக்கிறார்கள். லட்சம் என்றால் ஜூ-மான். கோடி இஸ்ஸென்-மான். லட்சத்தில் யோசித்தே பழகிய எனக்கு ஒவ்வொரு முறையும் மனக்கணக்கு போட்டாக வேண்டும்.

உண்மையான தலைவலி, எண்ணப்படும் பொருளுக்கேற்ப ஒட்டு மாறுவது. பென்சில் போன்ற நீளமானவை இப்போன், நிஹோன், சம்போன். தாள் இச்சிமாய், நிமாய். பூனைக்கு 'ஹிக்கி'. முயலை மட்டும் பறவைக்குரிய 'வா' போட்டு எண்ணும் வழக்கம் உண்டு (ஏனோ!).

இதெல்லாம் பிடிபடும்வரை ஹிதோட்சு, ஃபுதாட்சு என்ற பொது எண்ணிக்கையை வைத்தே ஓட்டுகிறேன். அதுவும் பத்தோடு நின்றுவிடுகிறது.