ஆக்சிஜன் சென்சாரின் சாம்பல் நிற வயர்

என்னிடம் இருப்பது 1986 மாடல் போர்ஷே 944. நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர், பாஷ் மோட்ரானிக் கம்ப்யூட்டர். கொஞ்ச காலமாக ஐடிலிங்கில் ஒரு தள்ளாட்டம், சைலன்சர் வாயில் கரி, வண்டியைச் சுற்றி எரியாத பெட்ரோல் வாசனை. எக்ஸாஸ்ட் குழாயில் உட்கார்ந்து, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஆக்சிஜன் சென்சார். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அதன் சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், ஆக்சிலரேட்டரை எப்படி மிதித்தாலும் 0.2 வோல்ட்டை விட்டு நகரவில்லை. பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் ஓயாமல் சொல்கிறது, கம்ப்யூட்டர் அதை நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கிறது. சென்சாரை மாற்றியே ஆக வேண்டும்.

காரோடு வந்தது மூன்று வயர் சென்சார். நான் வாங்கியது எந்தக் காருக்கும் பொருந்தும்படி வெறும் வயர் நுனியோடு வரும் யூனிவர்சல் வகை, நான்கு வயர். மூன்று வயரிலேயே யூனிவர்சல் கிடைக்கும்போது ஏன் நான்கு என்று கேட்பார்கள். அந்த நான்காவது வயருக்காகத்தான் இந்தப் பதிவே.

இந்த சென்சாரின் மூக்கில் இருப்பது ஜிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டுக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம்தான் மின்னழுத்தமாக வருகிறது. கலவையில் பெட்ரோல் கூடினால் 0.8, 0.9 வோல்ட், குறைந்தால் 0.1, 0.2. காற்று 14.7 பங்குக்குப் பெட்ரோல் 1 பங்கு என்ற அளவைத் தாண்டும் இடத்தில் சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும். கூடுதலா குறைவா என்று பிரிக்கக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லைக்கோடு சுமார் 0.45 வோல்ட். 12 வோல்ட் ஓடும் ஒரு வண்டியில், இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற முடிவு அரை வோல்ட்டுக்குள் எடுக்கப்படுகிறது. அப்புறம், பீங்கான் 300, 350 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் இதெல்லாம் நடக்கும். அதற்காகத்தான் உள்ளே ஒரு ஹீட்டர்.

மூன்று வயர் சென்சாரில் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னலுக்கு. சிக்னலின் எர்த், சென்சாரின் உடம்பு வழியாகத்தான் போகிறது. உடம்பிலிருந்து மரை, மரையிலிருந்து எக்ஸாஸ்ட் குழாய், அங்கிருந்து கேஸ்கெட் வைத்த மூட்டு, அதன் போல்ட்கள், இன்ஜின், இன்ஜின் எர்த். புது வண்டியில் இந்தப் பாதை சுத்தமாக இருந்திருக்கும். முப்பது வருடத்துக்கு மேல் சூடும் தண்ணீரும் பட்ட குழாயில் ஒவ்வொரு மூட்டிலும் துரு. மீட்டரின் ஒரு முனையை எக்ஸாஸ்ட் குழாயிலும், மறுமுனையைக் கம்ப்யூட்டரின் எர்த்திலும் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டையும் பின் கண்ணாடி ஹீட்டரையும் போட்டேன். 0.08 வோல்ட் காட்டியது. வேறு எந்த சர்க்யூட்டிலும் இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் மொத்தமே ஒரு வோல்ட் கூட இல்லாத சிக்னலில் இது பெரிய பொய்.

நான்கு வயர் சென்சாரில் சிக்னலுக்கென்று தனி எர்த் உண்டு. பாஷ் சென்சாரில் அது சாம்பல் நிறம். துருப்பிடித்த குழாயை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது அதன் பெரிய லாபம். ஆனால் கவனம் வேண்டும்: இந்த வகையில் சிக்னல் எர்த், உடம்போடு இணைந்திருக்காது. பழைய கனெக்டரில் மூன்று இடம்தானே இருக்கிறது என்று சாம்பல் வயரைச் சுருட்டி டேப் ஒட்டிவிட்டால் சிக்னலே வராது. புது சென்சார் செத்துப்போய் வந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதுதான்.

எங்கே எர்த் கொடுப்பது என்பதும் முக்கியம். கைக்கு எட்டுகிறது என்பதற்காக ஹீட்டரின் எர்த்தோடு முறுக்கிவிடக் கூடாது. ஹீட்டர் சுமார் ஒரு ஆம்பியர் இழுக்கிறது. அந்த எர்த் முனையில் 0.1 ஓம் துரு இருந்தாலே போதும், 0.1 வோல்ட் சிக்னலின் மேல் ஏறிக்கொள்ளும். கம்ப்யூட்டர் அதைப் பெட்ரோல் கூடுதல் என்று புரிந்துகொண்டு வெட்டத் தொடங்கும். நான் சாம்பல் வயரைத் தனியாக இழுத்து, இன்ஜினின் பின்பக்கம் கம்ப்யூட்டரின் எர்த் வயர்கள் வந்து சேரும் போல்ட்டில் கொடுத்தேன். போல்ட்டைக் கழற்றி, ரிங் டெர்மினல்களையும் உட்காரும் இடத்தையும் உப்புத்தாள் போட்டு வெள்ளையாக்கிய பிறகுதான் பூட்டினேன். கம்ப்யூட்டர் எதை பூஜ்யம் என்று நினைக்கிறதோ, சென்சாரும் அதையே பூஜ்யம் என்று நினைக்க வேண்டும்.

மற்ற வயர்களுக்கு வருவோம். பாஷில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கருப்பு சிக்னல். டென்சோவில் கருப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். ஒருவருடைய சிக்னல் நிறம் இன்னொருவருடைய ஹீட்டர் நிறம். அதனால் நிறத்தோடு நிறம் சேர்த்து இணைப்பது மகா ஆபத்து. ஒரே நிறத்தில் உள்ள ஜோடியில் மட்டும் ஓம் மீட்டர் வைத்துப் பாருங்கள், சில ஓம்கள் காட்டினால் அதுதான் ஹீட்டர். சிக்னல் பக்கம் ஓம் மீட்டரைக் கொண்டுபோகவே வேண்டாம். ஹீட்டரில் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டியதில்லை, எப்படிக் கொடுத்தாலும் சூடாகும். 944-இல் ஹீட்டருக்கான 12 வோல்ட் ஃபியூயல் பம்ப்போடு சேர்ந்து வருகிறது. இன்ஜின் ஓடினால்தான் சூடு, சாவியை மட்டும் போட்டு வைத்திருந்தால் இல்லை. நல்ல ஏற்பாடு. ஹீட்டர் இல்லாத ஒற்றை வயர் காரில் புதிதாக லைன் இழுப்பவர்களும் இதே மாதிரி, ரிலேயும் ஃபியூஸும் வைத்து இழுக்க வேண்டும்.

வயர்களைச் சேர்ப்பதில் நான் பிடிவாதக்காரன்: கிரிம்ப் மட்டும்தான், அதாவது உலோகக் குழலுக்குள் வயர்களைச் சொருகி நசுக்குவது; ஈயம் உருக்கி ஒட்டும் சால்டர் கிடையாது. பீங்கானின் உள்பக்கத்துக்கு வெளிக்காற்று வேண்டும் என்றேன் அல்லவா, இந்த வகை சென்சார்களில் பலவற்றுக்கு அந்தக் காற்று, வயரின் செம்பு இழைகளுக்கும் மேலுறைக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகத்தான் போகிறது. சென்சார் வயர் வழியாக மூச்சு விடுகிறது. சால்டர் வைத்தால் ஈயம் உருகி இழைகளுக்குள் ஏறி அந்த வழியை அடைத்துவிடும். கனெக்டருக்குள் கிரீஸ் அடைப்பதும், கான்டாக்ட் கிளீனர் அடிப்பதும் அப்படித்தான். கிரிம்ப் போட்டதும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கருப்பு சிக்னல் வயரைக் காரின் பழைய ஷீல்டு வயரோடு சேர்க்கும்போது, அதன் மேல் சுற்றியிருக்கும் பின்னல் கம்பி உள் கம்பியைத் தொடாமல் தனியாக ஸ்லீவ் போட்டேன்.

கழற்றுவது பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, வயர் நுழையப் பக்கம் வெட்டிய 22 மில்லிமீட்டர் சாக்கெட். மரை 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச். புது சென்சாரின் மரையில், அது இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பசை தடவியே வருகிறது, அது மூக்கில் படக் கூடாது. பக்கத்தில் எந்த மூட்டிலாவது காற்று புகுந்தால் அந்த ஆக்சிஜனையும் சென்சார் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், ஆகவே கேஸ்கெட்டையும் பார்த்துவிட்டேன்.

இன்ஜின் சூடானதும் 2,000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தேன். 0.2, 0.7, 0.3, 0.8 என்று ஒரு இடத்தில் நிற்காமல் ஓடியது. ஒரு வேக்வம் குழாயைப் பிடுங்கினேன், உடனே 0.1-க்குக் கீழே போய், சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியதும் மறுபடி ஏறியது. இப்போது ஐடிலிங் ஒரே சீராக இருக்கிறது, வாசனை போய்விட்டது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

மூன்று வயரையே வைத்திருக்கப் போகிறவர்கள், சென்சார் வாங்கும் முன் நான் சொன்ன அந்த எர்த் அளவை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்கும் கம்ப்யூட்டர் எர்த்துக்கும் நடுவில், எல்லா விளக்கும் எரியும்போது. 0.02 வோல்ட்டுக்குள் இருந்தால் மூன்று வயரே போதும். அதற்கு மேல் என்றால் முதலில் இன்ஜின் எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி அளந்துவிட்டு, அப்புறம் எந்த சென்சார் என்று முடிவு செய்யுங்கள்.