ஆறிப்போன புண்

உள்ளங்கையில் செம்புள்ளிகள் வந்தபோது, வேலை செய்யும் இடத்துச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். அரிப்பு இல்லை, வலி இல்லை. உள்ளங்காலிலும் பரவிய பிறகு தோல் டாக்டரிடம் போனேன். கையைத் திருப்பிப் பார்த்தவர், "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மறைவிடத்துல புண் ஏதாவது வந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

வந்திருந்தது. ஒரே ஒரு புண். வலிக்கவில்லை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன், நான்கு வாரத்தில் ஆறிவிட்டது. களிம்புதான் ஆற்றியது என்று நம்பியிருந்தேன். இது சிபிலிஸ் என்ற பால்வினை நோயாக இருக்கலாம், அந்தப் புண் எதுவுமே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும், கிருமி மட்டும் உடம்புக்குள் பரவிக்கொண்டிருக்கும் என்று அவர் சொன்னபோது வாயடைத்துப்போனேன்.

அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஓ.பி. வரிசையில் எந்தப் பிரிவு என்று சத்தமாகக் கேட்டார்கள். பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். தொண்டை அடைத்தது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

உள்ளே போன பிறகு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ரத்தம் எடுத்துவிட்டு, எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கும் போய் வரச் சொன்னார்கள். சிபிலிஸ் என்கிறீர்கள், பிறகு எதற்கு எச்ஐவி பரிசோதனை என்று அங்கிருந்த ஆலோசகர் அக்காவிடம் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து வரைந்தே காட்டிவிட்டார்.

தோல் ஒரு மதில் மாதிரி. புண் வந்த இடத்தில் மதில் இடிந்துவிடுகிறது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. புண்ணை எதிர்த்துப் போராட உடம்பு சிடி4 என்ற வெள்ளணுக்களை அங்கே குவிக்கிறது. எச்ஐவி பற்றிக்கொள்வதும் அதே அணுக்களைத்தான். வாசலையும் திறந்து, தேடி வந்ததையும் வாசலிலேயே நிறுத்தியது போல. "புண்ணு இல்லாட்டியும் இதே கதைதான்பா. வெட்டை, கிளமிடியா மாதிரி பால்வினை நோய்லயும் உள்சதை அழற்சியாகி அணுக்கள் வந்து கூடும்." எச்ஐவி உள்ள ஒருவர் அதற்கு மருந்து எடுக்காமல் இருந்து, அவருக்குப் பால்வினை நோயும் வந்தால், விந்திலும் பிறப்புறுப்புத் திரவத்திலும் வைரஸ் கூடும், அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் எளிதாகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொன்னார்: ஒரு கிருமி வந்த வழியில் இன்னொன்றும் வந்திருக்கலாம்.

பிறகு நானே தேடிப் படித்தேன். தான்சானியாவின் முவான்சா பகுதியில் கிராமங்களில் பால்வினை நோய்களுக்கு நல்ல சிகிச்சை கொடுத்தபோது புதிய எச்ஐவி தொற்று சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 1995-ல் வெளியிட்டிருக்கிறார்கள். உகாண்டாவின் ராக்காயில் ஊருக்கே மொத்தமாக மருந்து கொடுத்துப் பார்த்ததில் அப்படிக் குறையவில்லை. ஆகவே மாத்திரையை நம்பி ஆணுறையை விடக்கூடாது என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

என் சிபிலிஸ் அளவு 1:64, அதாவது ரத்த மாதிரியை 64 மடங்கு நீர்க்கச் செய்தும் தெரிகிறது. எச்ஐவி இல்லை, ஹெபடைடிஸ் பி இல்லை. பெருமூச்சு விட்டேன். அக்கா தேதியைக் கேட்டார். கடைசியாக உறவு கொண்டு 12 நாள்தான் ஆகியிருந்தது. "இந்த ரிசல்ட் இப்போதைக்குத்தான். கடைசி நாள்லேருந்து மூணு மாசம் எண்ணிக்கிட்டு வாங்க."

பென்சிலின் ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் சிறிதளவு போட்டுப் பார்த்தார்கள். பிறகு 24 லட்சம் யூனிட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்க இடுப்பிலும் போட்டார்கள். நல்ல வலி. அன்று இரவு காய்ச்சலும் குளிரும் தூக்கிப்போட்டன. கிருமிகள் செத்து உடையும்போது அப்படி வரும், ஒரு நாளில் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். ஹெபடைடிஸ் தடுப்பூசியும் அன்றே தொடங்கியது: அன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

ஊசியைவிடக் கடினமானது நான் காதலித்தவளிடம் சொன்னது. அந்தப் புண் எனக்கு வந்தது அவளால் அல்ல. கல்யாணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். "மூன்று மாதத்துக்குள் பழகியவர் என்றால், பரிசோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும் ஊசி போட்டுத்தான் ஆகணும். கர்ப்பமானால் குழந்தையையும் பாதிக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் தயங்கினேன். அந்த இரண்டு நாளும் நான் செய்த தவறுதான்.

சொன்னேன். அழவில்லை, திட்டவில்லை. "எங்க வரணும்?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கும் சிபிலிஸ் இருந்தது. அதே ஊசி, அதே வலி. என் தவறுக்கு அவள் அதைத் தாங்கினாள்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு இருவரும் போனோம். இடையில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். சம்மதம் இல்லாமல் ஒருவர் முடிவை மற்றவரிடம் சொல்ல மாட்டார்கள், பொதுவாகச் சட்டமே அப்படித்தான். எனக்கு எச்ஐவி இல்லை, சிபிலிஸ் அளவு 1:16-க்கு இறங்கியிருந்தது. நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். சிபிலிஸுக்கே உள்ள இன்னொரு வகை ரத்தப் பரிசோதனை, நோய் குணமான பிறகும் வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவ் என்றே காட்டக்கூடும், அதனால் இந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

வெளியே வந்தபோது அவள் தன் தாளை மடிக்காமல் என்னிடம் நீட்டினாள். அவளுக்கும் எச்ஐவி இல்லை. என் தாளையும் கேட்டு வாங்கி, வரி விடாமல் படித்தாள். பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். ஆறாம் மாதத் தேதியை அவள்தான் தன் போனில் குறித்துக்கொண்டாள்.