குட்டித் தொடர்களைக் கோத்து எழுதப் பழக்குவது எப்படி?

தமிழ்த் தேர்வில் படத்தைப் பார்த்து எழுதும் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' கேள்வியிலும் கட்டுரையிலும், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத விடைத்தாள் மதிப்பெண் இழப்பதுண்டு. ஒவ்வொரு தொடரும் மூன்று நான்கு சொல்லில் முடிந்துபோவதுதான் காரணம். ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் கரையைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும் (வல்லம் என்பது மீன்பிடி படகு):

காற்று அடித்தது. கடல் கொந்தளித்தது. அப்பா வல்லத்தைக் கரைக்குக் கொண்டு வந்தார். வலையில் நண்டுகள் இருந்தன. அம்மா நண்டுகளைப் பிரித்தார். வியாபாரி வந்தார். அவர் எடை போட்டார். விலை குறைவாக இருந்தது.

இதையே வாயால் சொல்லச் சொல்லிப் பாருங்கள். "கச்சான் கெளம்பிருச்சுன்னு அப்பா வெள்ளனயே கரைக்கு வந்துட்டாக" என்று ஒரே மூச்சில் வந்து விழும் (கச்சான் என்பது தென்மேற்குக் காற்று). இணைப்பு வாயில் இருக்கிறது, பேனாவில்தான் இல்லை. அதனால் முதல் நாள் பாடவேளையில் நோட்டைத் திறக்கவே வேண்டாம். இரண்டிரண்டு தொடராகக் கொடுத்து வாயால் சேர்க்கச் சொல்லுங்கள். பேச்சுநடையில் வந்தால் அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் எழுத்துநடையை எழுதினால் போதும்.

இரண்டாம் நாள் பாடவேளைக்குத் தாள் கீற்று. பழைய நோட்டுத் தாளை நீளவாக்கில் வெட்டி, கீற்றுக்கு ஒரு தொடர் எழுதுங்கள். வினைமுற்று கீற்றின் வலது ஓரத்தில் வரட்டும். ஓரத்தைப் பின்னால் மடித்து, மடிப்பில் அதே வினையின் மூன்று வடிவங்களை எழுதுங்கள்: 'கொண்டு வந்து', 'கொண்டு வந்த', 'கொண்டு வந்ததால்'. அதாவது வினையெச்சம், பெயரெச்சம், காரணம். மடிப்பைத் திருப்பித் திருப்பி அடுத்த கீற்றோடு வைத்துப் பார்க்கும்போது எது பொருந்துகிறது என்று பிள்ளைக்கே தெரியும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்த ஒரு ஜோடிக்கு ஆறு கீற்று போதும். அதற்கு மேல் கொடுத்தால் விளையாட்டாகிவிடும்.

மேலே உள்ள எட்டுத் தொடர்கள் நான்காகலாம்:

காற்று அடித்துக் கடல் கொந்தளித்ததால், அப்பா வல்லத்தைக் கரைக்குக் கொண்டு வந்தார். வலையில் சிக்கியிருந்த நண்டுகளை அம்மா கால் ஒடியாமல் பிரித்தார். வியாபாரி வந்து எடை போட்டார். விலை குறைவாக இருந்தது.

கடைசித் தொடரைத் தொடாமல் விட்டது வேண்டுமென்றே. கோத்த மூன்று தொடருக்குப் பின் வரும் குட்டித் தொடரில்தான் அந்த வீட்டின் வருத்தம் இருக்கிறது. எல்லாவற்றையும் கோக்கச் சொல்லும் ஆசிரியர் இந்த இடத்தைக் கெடுத்துவிடுவார்.

இனி, தவறு நடக்கும் இடங்கள். முதலாவது எழுவாய். 'அப்பா வலையைப் பிரித்து நண்டு தப்பி ஓடியது' என்று எழுதினால் வலையைப் பிரித்ததும் நண்டே என்றாகிவிடும். 'செய்து' வாய்பாட்டு எச்சம் ('பிரித்து', 'வந்து' போன்றது) தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும் என்பது நன்னூல் விதி. எழுவாய் மாறினால் 'பிரித்தபோது', 'பிரிக்க' என்று போகவேண்டும். அப்படியானால் 'காற்று அடித்துக் கடல் கொந்தளித்தது' எப்படிச் சரி என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். மழை பெய்து குளம் நிறைந்தது என்பதுபோல, ஒன்று காரணமாகி மற்றொன்று தானாக நிகழும் இடத்தில் வழக்கு அதை ஏற்றுக்கொள்கிறது என்று சொல்லுங்கள்.

தகவல் பத்தியில் இதே பிழை ஒளிந்து வரும். பாம்பன் பாலத்தைப் பற்றி, '1914-இல் திறக்கப்பட்டு, 1964 புயலில் சேதமடைந்து, 46 நாளில் சீரமைத்து, 2025-இல் புதிய பாலம் திறக்கப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். படித்தால் புதிய பாலமே 1914-இல் திறந்ததுபோல் இருக்கும். போதாக்குறைக்கு 'சீரமைக்கப்பட்டு' என்று வராமல் 'சீரமைத்து' என்று செய்வினையாக நிற்கிறது. இரண்டாக வெட்டவேண்டும்: '1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், 1964 டிசம்பர் புயலில் சேதமடைந்து 46 நாளில் சீரமைக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.' எந்த வினையை முற்றாக விடுகிறோமோ அதன்மேல்தான் வாசிப்பவர் கண் நிற்கும். பழுதுபார்த்த வேகம் முக்கியமென்றால் 'சீரமைக்கப்பட்டது' முற்றாகட்டும். பழமை முக்கியமென்றால் 'சீரமைக்கப்பட்ட பாலம் 1914-இல் திறக்கப்பட்டது' என்று திருப்புங்கள். ஒரே தகவலை இரண்டு விதமாகவும் எழுதவைப்பது நல்ல பயிற்சி.

அடுத்தது எதிர்மறை. 'மீன் பிடித்து விற்கவில்லை' என்றால் பிடித்தாரா, பிடிக்கவே இல்லையா? இரண்டு பொருளும் வரும். 'பிடித்த மீனை விற்கவில்லை' என்று பெயரெச்சமாக்கினால் குழப்பம் தீரும். பெயரெச்சத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 'கிழிந்த அப்பாவின் வலை' என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும், பிறகு மறக்காது. 'அப்பாவின் கிழிந்த வலை' என்பதே சரி.

'மற்றும்' போட்டு வினைகளை ஒட்டுவதை முதல் நாளிலேயே நிறுத்துங்கள். 'வந்தார் மற்றும் எடை போட்டார்' தமிழே இல்லை. பெயர்களுக்குக்கூட 'நண்டும் இறாலும்' என்று 'உம்' இருக்கிறது, ஒன்றில் போட்டால் மற்றதிலும் போடவேண்டும், அவ்வளவுதான். 'காற்று அடித்தாலும்', 'காற்று அடித்தபோதிலும்' இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவைக்கலாம்: முன்னது இனி அடிக்கக்கூடிய காற்றுக்கும் பொருந்தும், பின்னது அடித்து ஓய்ந்த காற்றைச் சொல்வது.

தொடர்களைக் கோத்தால் வல்லினம் மிகும் இடங்களும் கூடும். முற்றுப்புள்ளி இருந்தவரை வராத சந்தி இப்போது வரும். 'இழுத்துக் கட்டினார்', 'போய்ச் சேர்ந்தார்', 'வரச் சொன்னார்' மிகும்; 'வந்து போனார்', 'வந்த பையன்' மிகாது. இந்த ஐந்தைச் சுவரில் ஒட்டிவைத்தால் பெரும்பாலான இடங்களுக்கு உதவும்.

திருத்தும்போது சிவப்பு மையால் எல்லாவற்றையும் அடிக்கவேண்டாம். பத்தியில் உள்ள வினைமுற்றுகளை மட்டும் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் எழுவாயையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். எட்டு வரிப் பத்தியில் பத்து வட்டத்துக்கு மேல் விழுந்தால் கோக்க இடமிருக்கிறது. இரண்டே வட்டம் விழுந்தால் தொடர் மூச்சுமுட்டுகிறது, எங்காவது வெட்டவேண்டும். ஒரு தொடருக்கு எச்சம் மூன்றைத் தாண்டாமல் இருந்தால் தேர்வு அவசரத்திலும் எழுவாய் கைநழுவாது. தேர்வறையில் விடை முழுவதையும் இப்படிச் சரிபார்க்க நேரம் இருக்காது. கட்டுரையின் முன்னுரையும் முடிவுரையும் மட்டும் வட்டமிட்டுப் பார்த்தால் போதும்.