ஆறரை ஏழரையான வாரம்

அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் வாரம் பெங்களூரில் எங்கள் டீமுக்கு ஆகாத வாரம். 2024-இல் அது நவம்பர் 3-ஆம் தேதி வந்தது. மாலை ஆறரைக்கு இருந்த கிளையன்ட் கால் ஏழரைக்குப் போய்விடும். காலண்டர் தானாக மாறிக்கொள்ளும், கேப் ரோஸ்டர் மாறாது. அதற்காக டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கோடு மூன்று நாள் மல்லுக்கட்ட வேண்டும். "அக்கா, இனி மார்ச் வரைக்கும் நமக்கு ஏழரைதான்" என்று டீமில் இருக்கும் திருநெல்வேலிப் பையன் வருடா வருடம் அதே ஜோக்கை அடிப்பான். அந்த முறை அதே வாரத்தில் அதிபர் தேர்தலும் சேர்ந்துகொண்டது.

எங்கள் ஃப்ளோரில் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டது நான் ஒருத்திதான். பதினான்கு வருடம் பிலடெல்ஃபியா பக்கம் இருந்து, குடியுரிமையும் வாங்கி, 2019-இல் மாமியாருக்கு முடியாமல் போனதும் குடும்பத்தோடு திரும்பி வந்தோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, அங்கே கடைசியாகக் குடியிருந்த மாநிலத்தில்தான் ஓட்டு. ஆக, எனக்கு பென்சில்வேனியா. அதிபரைத் தீர்மானிக்கும் எலெக்டோரல் வாக்குகளில் 19 அதன் கையில், எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம். இங்கேயோ, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை. அதை வைத்துக்கொண்டு வீடு வாங்கலாம், வேலை பார்க்கலாம், ஓட்டு மட்டும் கிடையாது. மக்களவைத் தேர்தலுக்காக ஏப்ரல் 26 அன்று அபார்ட்மென்ட்டே மை வைத்த விரலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்த மை தயாராவது மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் மைசூரில் என்பதை யாரோ சொல்லி வேறு வெறுப்பேற்றினார்கள்.

மின்னஞ்சலில் வந்த வாக்குச்சீட்டைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். அமெரிக்க அதிபரைத் தீர்மானிக்கும் சீட்டுக்குக் கடைக்காரர் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு, சில்லறை இல்லையா என்றும் கேட்டார். அம்மாவைப் பார்க்கச் சென்னை போனபோது ஜெமினி மேம்பாலத்தடியில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் உறையைச் சேர்த்தேன்.

நவம்பர் 6, புதன்கிழமை. அங்கே வாக்குப்பதிவு முடிந்த இரவு எட்டு மணி, இங்கே காலை ஆறரை. இட்லி ஊற்றிக்கொண்டே போனைப் பார்த்தவள், டீமின் தினசரி ஸ்டாண்ட்அப் மீட்டிங்கிலும் மேசைக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், கேன்டீனில் தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போது, பென்சில்வேனியா ட்ரம்புக்குப் போய்விட்டது என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்தது. நாலு மணி வாக்கில், ஜெயிக்கத் தேவையான 270 எலெக்டோரல் வாக்குகளையும் அவர் தாண்டியாயிற்று.

நான் கமலா ஹாரிஸுக்குப் போட்டவள். ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தமிழச்சி வேறு யாருக்குப் போட்டிருப்பாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, துக்கம் விசாரிப்பது போல ஒவ்வொருவராக வந்தார்கள். தீபாவளிக்கு மிஞ்சிய மைசூர்பாகை ஒருவர் நீட்டினார். பக்கத்து மேசையில் ஐடி பங்குகள் நாலு சதவீதம் ஏறிய சந்தோஷம். சென்செக்ஸ் தொள்ளாயிரம் புள்ளி ஏறி முடிந்த நாள் அது. (மறுநாளே எண்ணூற்றுச் சொச்சம் இறங்கியது. அதைப் பற்றி அவர் பேசவில்லை.)

எனக்கு வருத்தம்தான். ஆனால் தயிர்சாதம் முழுவதும் இறங்கியது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வருத்தத்தில் என் வாழ்க்கை சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை. எனக்கு இங்கே வேலை, வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம். நீல நிற பாஸ்போர்ட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது திருநெல்வேலிப் பையன். அமெரிக்காவில் வேலை பார்ப்பதற்கான எச்1பி விசாவின் மார்ச் மாதக் குலுக்கலில் அவன் பெயர் விழுந்திருந்தது. மனு அப்ரூவ் ஆகி, டிசம்பரில் சென்னையில் பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங். 2020 ஜூனில் இதே ட்ரம்ப் புதிய எச்1பி ஆட்களின் வருகையை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டபோது, பெட்டியெல்லாம் கட்டிய நிலையில் மாட்டிக்கொண்டவன் அவனுடைய அண்ணன். "அக்கா, நடக்கும்ல?" என்று கேட்டான். ஓட்டுப் போட்டவளுக்கு உள்விவரம் தெரியும் என்று நினைத்தானோ என்னவோ. "பதவியேற்பு ஜனவரி 20-தான். அதுக்குள்ள போய்ச் சேர்ந்துடு" என்றேன். பெரிய யோசனை! அவன் அதை முந்தின நாள் ராத்திரியே எண்ணி முடித்திருந்தான்.

ஏழரைக்கு கால். அந்தப் பக்கம் பிலடெல்ஃபியா ஆட்கள் ஐந்து பேர், கேமரா அணைத்தபடி. அதில் ஒருவர் வீட்டுப் புல்வெளியில் 2016-இல் ட்ரம்ப் பலகை பார்த்திருக்கிறேன். என் மகள் பிறந்தபோது லசான்யா செய்து கொண்டுவந்த மனுஷனும் அவர்தான். இங்கே டீக்கடையில் யாருக்கு ஓட்டு என்று கேட்டு அடித்துக்கொள்வோம். அங்கே பதினான்கு வருடத்தில் ஒருவரும் ஆபீசில் அதைக் கேட்டதில்லை. முன்பு அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த அமைதி, ஒட்டாத சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தது போல இருந்தது. "ராத்திரி தூக்கமே இல்லை" என்றார் அவர். "எனக்கும் சரியான தூக்கமில்லை" என்றேன். அப்புறம் பிரீமியம் கணக்கில் சில்லறைக் காசு ஒரு சென்ட் இடிக்கும் டிஃபெக்டைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினோம். அதை முடித்தும் வைத்தோம்.

கேப் வரவில்லை. ரோஸ்டரில் இன்னும் பழைய நேரம். மேசை துடைக்க வந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா கிருஷ்ணகிரிப் பக்கம். ஏப்ரலில் ஓட்டுப் போட ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி ஊருக்குப் போய் வந்தவர்.

"நம்ம ஊருப் பொண்ணு தோத்துடுச்சாமே மேடம்? கோயில்ல பூஜையெல்லாம் பண்ணாங்களே, போன்ல பார்த்தேன்."

துளசேந்திரபுரத்தைச் சொல்கிறார். ஹாரிஸின் தாத்தா ஊர். ஆமாம் என்றேன்.

"நீங்க அந்த ஊர் ஓட்டு போட்டீங்களாமே. மை எங்க?"

"அங்க மை வைக்க மாட்டாங்கக்கா."

"அப்ப இங்க?"

"இங்க எனக்கு ஓட்டு கிடையாது."

"ரேஷன் கார்டு?"

"அதுவும் இல்லை."

துணியைப் பிழிந்தபடி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி, கேப் வர நேரமாகும். காபி மிஷின இன்னும் கழுவல. ஒண்ணு குடிக்கிறீங்களா?"