கவுன்ட்

திருப்பூர்ல "முப்பது கவுன்ட் என்ன விலை போகுதுங்க?"ன்னு கேட்காத நாளே இல்லை. அந்தக் கவுன்ட், நூல் எவ்வளவு சன்னம்னு சொல்ற எண். கணக்கு என்னன்னா: 840 கஜம், அதாவது 768 மீட்டர் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு (453.6 கிராம்) நூல்ல எத்தனை சிட்டம் தேறுதோ அதுதான் கவுன்ட். 30ன்னா 25,200 கஜம். எண் ஏற ஏற நூல் சன்னமாகும். பாலியஸ்டருக்குச் சொல்ற டெனியர் நேர் எதிர். அது 9,000 மீட்டரோட கிராம் எடை, ஏறினா தடிமன். புதுசா வர்றவங்க தடுமாறுறது இங்கதான். 40ல ரெண்டு இழையை முறுக்கினா 80 ஆகாதுங்க, 20தான். 30 கவுன்ட் ஓடுற பின்னல் மிஷின்ல 34 கவுன்ட் கோன் (நூல் சுத்தின கூம்பு) ஒன்னு கலந்தாப் போதும், துணியில குறுக்குக் கோடு விழும். சாயம் ஏறின பிறகுதான் அது பளிச்சுன்னு தெரியும்.

சொல்லோட வேர் லத்தீன் 'கம்ப்யூட்டாரே', கணக்கிடுதல். பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்துச்சு. பேங்க் அக்கவுன்ட், ஆடித் தள்ளுபடி டிஸ்கவுன்ட், பில் போடுற கவுன்ட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே வேர்ல கிளைச்சதுதான்.

ஐரோப்பியப் பிரபுவைச் சொல்ற 'கவுன்ட்' மட்டும் இந்த வகையறாவே இல்லை. அது லத்தீன் 'கோமெஸ்', கூடவே போற துணைவன். அமெரிக்காவுல மாவட்டம் மாதிரி இருக்கிற 'கவுன்ட்டி' பிறந்தது அதுலதானுங்க.